காய்ந்த குளத்தில் ஒரு கொக்கு

“மேடம், சாயங்காலம் சஸ்பெண்ட் ஆகப்போற ஆபீசருக்கு நான் ஓட்டுற கடைசி சவாரி இது. டீசலை யார் தலையில எழுதட்டும்?”

“குடை தலையில எழுது.”

“அவர் தலையில எதுவும் ஒட்டாதே மேடம். வழிஞ்சு பக்கத்துல நிக்கறவன் மேல விழும்.”

ஜீப் முனகிக்கொண்டே மேடு ஏறியது. ஓட்டியவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்குமிடத்தைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று அவனோடு முதன்முதலாகப் பேசிய அன்றே அவன் மச்சான் சொன்னார். அன்றிலிருந்து அவன் தவளை. நகராட்சி மழைநீர் வடிகால் பிரிவில் அளவு நாடா பிடிப்பது, ஜீப் ஓட்டுவது, கேட்காத இடத்தில் பதில் சொல்வது ஆகியவை அவன் பொறுப்பு. கடைசி வேலைக்கு மட்டும் அவன் லீவு போட்டதே இல்லை.

பக்கத்து இருக்கையில் அவனுடைய அதிகாரி. ஊரில் யார் புதிதாகக் கட்டடம் எழுப்பினாலும், கூரைத் தண்ணீர் எங்கே போகும், முற்றத்துத் தண்ணீர் எங்கே போகும் என்று அந்த அம்மாளிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த செங்கல். விதிப்புத்தகம் தலையணை கனம். ஆனால் சாரம் ஒரு வரி: உன் மனையில் விழுந்த மழையை நீயே பிடித்து வைத்து மெல்ல விடு, கீழே இருப்பவன் தலையில் கொட்டாதே. அந்த வரியை ஏமாற்ற ஒப்பந்தக்காரர்கள் செய்யாத தந்திரம் இல்லை. ஒன்றும் அவளைத் தாண்டிப் போனதில்லை. அதனால் அவளுக்கு வடிகட்டி என்று பெயர்.

இருவருக்கும் மேலே இருந்தவர் தலைமைப் பொறியாளர். பழி மழையாகப் பெய்யும்போதெல்லாம் இன்னொருவரை விரித்துத் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வதால் அவர் குடை. இந்தத் தடவை அவர் விரித்தது வடிகட்டியை.

விஷயம் இதுதான். போன வாரம் பெய்த மழையில் கீழ்த்தெரு முழுவதும் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தெருவுக்கு வெள்ளம் என்றால் என்னவென்றே தெரியாது. தெருவுக்கு நேர் மேலே, மேட்டில், புதிதாக ஒரு சொகுசு வீட்டு வளாகம். அந்த வளாகத்து மழையைப் பிடித்து வைக்க ஒரு குளம். குளத்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் வடிகட்டி. அப்புறம் ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்? ‘அம்மா வாங்கிட்டாங்க’ என்று டீக்கடை தீர்ப்பு எழுதியது. ‘விளக்கம் தா, இல்லையேல் சாயங்காலத்தோடு வீட்டுக்குப் போ’ என்று குடை சொல்லிவிட்டார்.

தவளைக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. கீழ்த்தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவள் அவன் கூடப்பிறந்த தங்கை. மெஷின்கள் அத்தனையும் சேறு குடித்துச் செத்துவிட்டன. அந்தத் தெருவே மொத்தமாக வீடுகளை விற்றுவிட்டுக் கிளம்புவதாகப் பேச்சு. இன்று சாயங்காலம் கூட்டம் போட்டுக் கையெழுத்து.

“மேடம், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க வாங்கலைதானே?”

“வாங்கியிருந்தா இந்த ஜீப்புலயா வருவேன்?”

அது நியாயமாகத்தான் பட்டது தவளைக்கு.

*

வளாகத்தின் முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். சட்டை, பல், செருப்பு, காரியதரிசி எல்லாமே பளபளப்பு. கட்டும் எல்லாவற்றிலும் பளிங்கு ஒட்டுவார் என்பதால் ஊர் அவரைப் பளிங்கு என்றது.

“வாங்க மேடம், வாங்க. குளத்தைப் பாருங்க. துடைச்சு வச்ச தட்டு மாதிரி இருக்கு. ஒரு சொட்டு நிக்கலை. உங்க விதி என்ன சொல்லுதோ அதேதான். வெள்ளத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

குளம் உண்மையிலேயே காய்ந்து கிடந்தது. தவளை சரிவில் இறங்கி நாடாவை விரித்தான். ஆழம் சரி. அகலம் சரி. அடியில் தண்ணீர் வெளியேறும் துவாரம், அதற்குக் கம்பி வலை, வலைக்குப் பூட்டு. சாவி நகராட்சியிடம். பூட்டில் துரு பூத்து யாரும் தொட்ட சுவடே இல்லை. ஒரு லாரித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார்கள். துவாரத்தின் வழியே சமர்த்தாக இறங்கிப் போய்விட்டது.

“எல்லாம் சரியா இருக்கு மேடம்,” என்றான் தவளை. “இவ்வளவு சரியா இருந்தாத்தான் எனக்குச் சந்தேகமே வருது.”

வடிகட்டி நாடாவைப் பார்க்கவில்லை. குளத்தின் நடுவே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த சேற்றில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. இரண்டு எட்டு வைத்தது, குனிந்து பார்த்தது, மறுபடி நின்றது.

“அது எதுக்கு அங்க நிக்குது?”

“சும்மா நிக்குது மேடம். நம்ம ஆபீஸ்ல யாரும் நிக்கறதில்லையா?”

“கொக்கு நகராட்சி ஊழியர் இல்லய்யா. சோறு கிடைக்காத இடத்துல அது நிக்காது. நேத்து வரைக்கும் கிடைச்ச இடத்துக்குத்தான் இன்னிக்கும் வரும்.” அவள் காலால் சேற்றைக் கிளறினாள். விரல் நீளத்தில் ஒரு மீன், காய்ந்து சருகாகக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. “மழை நின்னா ரெண்டு நாள்ல காலியாக வேண்டிய குளம் இது. ரெண்டு நாள்ல மீன் குடும்பம் நடத்துமா?”

பளிங்கின் பளபளப்பு கொஞ்சம் குறைந்தது. “அது... பறவை ஏதாவது வாயில கவ்விட்டு வந்து போட்டிருக்கும்.”

அவர் போதாத காலம், அந்த நேரம் பார்த்து முதல் வீட்டிலிருந்து ஒரு கிழவர் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்தார். கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வளாகத்தில் முதலில் குடியேறியவரும் அவர்தான்.

“யாருய்யா இங்க பொறுப்பு?” என்றார். கடல் காற்றை மீறிப் பேசிப் பழகிய குரல். “தண்ணியை மறுபடி எப்ப விடப்போறீங்க? என் படகு ஷெட்டுல தூங்குது.”

பளிங்கு இருமினார். கேப்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை. “ரெண்டு மாசமா என்ன அழகா இருந்துச்சு! காலையில ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து. வெள்ளம் வடிஞ்ச அடுத்த நாள் எழுந்து பாத்தா, எவனோ அடியைப் பிடுங்கிட்ட மாதிரி மொத்தமும் காலி!”

வடிகட்டி பளிங்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை எடுத்தார்.

“நான் அடைக்கலை மேடம், சத்தியமா அடைக்கலை! அது பாட்டுக்குத் தானா நிரம்பிச்சு. ஒவ்வொரு தூறலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சு. வீடு பாக்க வர்றவங்க ‘ஆகா, ஏரி’ன்னாங்க. கடவுளாப் பாத்துக் குடுக்கறதை வேண்டாம்னு சொல்ல நான் யாரு?”

“அதான் வாசல்ல ‘ஏரிக்கரை இல்லங்கள்’னு பலகை மாட்டினீங்களா?” என்றான் தவளை. “ஏரி ஓடிப்போச்சு, பலகை மட்டும் நிக்குது.”

“மழை வரும்போது காலியா இருக்கறதுதான் அந்தக் குளத்தோட உத்தியோகம்,” என்றாள் வடிகட்டி. “நீங்க அதை நிரப்பி வச்சு அழகு பாத்தீங்க. பெரிய மழை வந்தப்போ பிடிக்க இடமில்லை. கரை தாண்டிக் கீழ்த்தெருவுக்குப் போயிடுச்சு.”

திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தவளை ஓட்டமும் நடையுமாகப் பிடித்தான் தவளை. “என்ன மேடம், விட்டுட்டு வர்றீங்க? ஆளைப் பிடிச்சாச்சுல்ல? ஏரி வேணும்னு அடைச்சவன் இவன்தான்!”

“இவன் சோம்பேறி, பேராசைக்காரன். அதுக்கு நோட்டீஸ் உண்டு. ஆனா அடைச்சவன் இவன் இல்லை. ஏரிதான் இவனுக்கு வியாபாரம். அடைச்சவனா இருந்தா வெள்ளத்துக்கப்புறமும் அடைச்சே வச்சிருப்பான். யாரோ வெள்ளம் வர்ற வரைக்கும் அடைச்சு வச்சு, வந்ததும் திறந்து விட்டிருக்காங்க. அவங்களுக்கு ஏரி வேண்டாம். வெள்ளம்தான் வேணும்.”

“வெள்ளத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? ஊறுகாயா போடுவாங்க?”

“அதைத்தான் பாக்கணும். இந்தப் பக்கம் பூட்டைத் தொடலை. குழாய்க்கு ரெண்டு வாய் உண்டு, உன்னை மாதிரி ஒண்ணு இல்லை. இன்னொரு வாய் எங்க இருக்கு?”

தவளையின் முகம் சுருங்கியது. “மேட்டுலேர்ந்து இறங்கினா கீழ்த்தெருப் பின்பக்கமாத்தான் இருக்கணும்.”

*

சலவைக்கடையில் சேற்று நாற்றம் இன்னும் போகவில்லை. சுவர் முழுக்க முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. கதவு, மேஜைக்கால், மெஷின்கள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு கடையைச் சுற்றி ஓடியது. தங்கை ஒரு மெஷினைத் திறந்து போட்டு உள்ளேயிருந்து சேற்றைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அவன் பின்னால் வந்தவளைப் பார்த்ததும் முகம் மூடிக்கொண்டது.

“இவங்களை எதுக்குண்ணா இங்க கூட்டிட்டு வந்தே?”

“கோவப்படாதம்மா, மேடம் வந்து...”

“கையெழுத்துப் போட்டது இவங்கதானே? மூணு வருஷம் பாடுபட்டு வாங்கின மெஷின். கல்யாண மண்டபத்து விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் உள்ளேயே ஊறிப் போச்சு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். “சாயங்காலம் நானும் கையெழுத்துப் போடப்போறேன். கடையைக் குடுத்துட்டுப் போறேன். போதும்.”

தவளை கையிலிருந்த நாடாவைச் சுருட்டினான். வடிகட்டிதான் பேசினாள்.

“கோவப்படறது சரிம்மா. நான் கையெழுத்துப் போட்ட குளம்தான். அதை எவனோ அடைச்சிருக்கான். அதைக் கண்டுபிடிக்க உங்க கடைக்குப் பின்னாடி போகணும். வழி விடுவீங்களா?”

தங்கை கரண்டியைக் கையில் பிடித்தபடியே பின்கதவைத் திறந்தாள்.

தெருவின் முதுகுப் பக்கம் அது. புதர், உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, ஓரத்தில் ஒரு ஓடை. வடிகட்டி நேராக ஒரு புதரை விலக்கி, அடியில் கிடந்த சிமென்ட் பலகையைக் காட்டினாள். தவளை அதை ஜீப்பிலிருந்த இரும்புக் கம்பியால் நெம்பித் தள்ளினான். பூசணிக்காய் நுழையும் அகலத்தில் ஒரு குழாய் வாய்.

“இங்க குழாய் இருக்குதா?” என்றாள் தங்கை. “எங்க யாருக்குமே தெரியாதே! நாங்க குப்பை கொட்டற இடம்.”

தவளை படுத்து, தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். “மேடம், இணைப்புல என்னவோ மாட்டியிருக்கு. ரப்பர்... வருது... வந்துட்டுது.” உள்ளங்கை அகலத்தில் தடித்த ஊதா ரப்பர்த் துண்டு, ஓரம் கிழிந்திருந்தது. “யானைக்குப் பிறந்தநாள்னு யாராவது பலூன் ஊதினாங்களா?”

தங்கை அதை வாங்கிப் பார்த்தாள். கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. “இது தலைவரோட முட்டைண்ணா!”

“தலைவர் முட்டை போடுவாரா?”

“தெருச் சங்கத் தலைவர். மைக்னு சொல்வோமே, அவர். முதுகு வலிக்கு டாக்டர் சொன்னாராம், பெரிய ஊதா பந்து ஒண்ணு வாங்கி அதுமேலதான் உக்காருவார். கூட்டத்துல அடைகாக்கற கோழி மாதிரி ஆடிக்கிட்டே பேசுவார். கொஞ்ச நாளா நாற்காலியில உக்காரறார். கேட்டா, பந்து பழசாயிடுச்சுன்னார்.”

“காத்தை இறக்கி உள்ளே தள்ளிட்டு அப்புறம் பம்பால ஊதினா, குழாய் கச்சிதமா அடைச்சுக்கும்,” என்றாள் வடிகட்டி. “வேலை முடிஞ்சதும் ஒரு குத்து. டமால்.”

தவளை கிளம்பிவிட்டான். கையில் பலகையை நெம்பிய இரும்புக் கம்பி. வடிகட்டி அவன் காலரைப் பிடித்து நிறுத்தினாள். “குப்பையில போட்டேன், வெள்ளம் இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லிட்டா? கம்பியை ஜீப்புல வச்சுட்டு வா. ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டு வருவோம், அவர் வீட்டுல.”

*

மைக்கின் வீட்டில் வரவேற்பு பிரமாதம். மனிதர் வாயைத் திறந்தால் கூட்டம் இல்லாமலே கூட்டம் நடக்கும்.

“மேடம், உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. வருத்தம்தான். உக்காருங்க, உக்காருங்க. பாருங்க இந்தக் கோட்டை!” சுவரில் பழுப்புக் கோட்டை விரலால் வருடிக் காட்டினார். “முழங்கால்! தலைவன் வீடு, தொண்டன் வீடுன்னு வெள்ளம் பாக்கலை. எல்லாரும் பட்ட கஷ்டம் நானும் பட்டேன்.”

“பாவம். நீங்க முதுகு வலியோட எப்படிச் சமாளிச்சீங்க?”

“அந்தக் கொடுமையைக் கேளுங்க. நான் ஊர்லயே இல்லை. குடும்பத்தோட மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து கதவைத் திறந்தா, வீடு முழுக்கச் சேறு. அப்படியே உக்காந்து அழுதுட்டேன்.”

“எங்க உக்காந்து?” என்று வாய் வரைக்கும் வந்த கேள்வியைத் தவளை விழுங்கினான். வடிகட்டி அவன் காலை மிதித்திருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த சோபாவைத் தட்டிக் கொடுத்தாள். வெள்ளைத் துணி போர்த்தி, தேக்குக் கால் வைத்த நீளமான சோபா. “அருமையா இருக்கே. புதுசா?”

“புதுசா? கல்யாணத்துக்கு மாமனார் குடுத்தது! அன்னிலேர்ந்து இதே இடம்தான். என் சம்சாரம் ஒரு இஞ்ச் நகத்த விட மாட்டா.”

“நல்ல சாமான்,” என்று வடிகட்டி எழுந்தாள். “தவளை, அந்த நாடாவைக் கீழ போட்டுட்டியே, எடு.”

நாடா அவன் கையில்தான் இருந்தது. ஆனாலும் குறிப்பறிந்து அதைக் கீழே போட்டுக் குனிந்து எடுத்தான். சோபாவின் அடியைப் பார்த்தான். நிமிரும்போது கண் இரண்டும் உண்மையிலேயே தவளைக் கண்ணாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் கொட்டிவிட்டான். “மேடம்! சுவருக்கு முழங்கால் வரைக்கும் கறை. சோபாவுக்குக் குதிகால்கூட நனையலை! துணி வெள்ளை வெளேர்னு, கால் மெழுகு பூசின மாதிரி! ஊர்ல இல்லாத ஆளு, வெள்ளத்துல சோபாவை எப்படித் தூக்கினான்?”

“தூக்கிட்டுத்தான் போயிருக்கான். மாடியில ஏத்திட்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பியிருக்கான். வெள்ளமே வராத தெருவுல, வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே.”

“கையும் களவுமா மாட்டிட்டான்! வாங்க மேடம், சட்டையைப் பிடிப்போம்.”

“அவசரப்படாதே. அந்தக் குழாய் வாய் அங்க இருக்குன்னு தெருவுல யாருக்கும் தெரியாது. உன் தங்கச்சிக்கே தெரியாது, அவ கடைக்குப் பின்னாடி. இந்த மைக்குக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? குழாய் புதைச்ச ஆளுங்க வெளியூர், அன்னிக்கே போயிட்டாங்க. பக்கத்துல நின்னு பாத்தது பளிங்கு, நான்...” சொல்ல வந்ததை அவள் பாதியில் நிறுத்தினாள். வானத்தைப் பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. “கூட்டத்துக்குப் போவோம். வீடுகளை வாங்கறவர் யாருன்னு நான் பாக்கணும்.”

*

சங்கக் கொட்டகையில் தெரு முழுவதும் கூடியிருந்தது. முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் விற்பனைப் பத்திரங்கள். மைக் நிஜமாகவே மைக் பிடித்திருந்தார்.

“உறவுகளே! இன்னொரு மழை வந்தா நம்ம பிள்ளைங்க கதி என்ன? ஒரு பெரிய மனுஷர், நம்ம கஷ்டத்தைப் பாத்து மனசு இளகி, சேறும் சகதியுமா இருக்கற வீட்டை அப்படியே வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். இந்தக் காலத்துல யாரு சொல்வா?”

முதல் ஆளாகத் தங்கை எழுந்து போனாள். தவளை குறுக்கே போய் நின்றான்.

“வேண்டாம்மா. நில்லு.”

“நகருண்ணா. நாளைக்கு அடுப்பு எரியணும். நீ வந்து எரிப்பியா?”

“எரிப்பேன். வாயாலயே ஊதி எரிப்பேன். கொஞ்சம் நில்லு.”

அவள் நிற்கவில்லை. பேனாவை எடுத்துவிட்டாள். பின் வரிசையிலிருந்து வடிகட்டியின் குரல் வந்தது. “ஏம்மா, ஒரு துணி துவைக்கக் குடுத்தாக்கூட யாரோடதுன்னு கேட்டுத்தானே வாங்குவீங்க? கடையையே குடுக்கறீங்களே, யாருக்குன்னு கேட்டீங்களா?”

தங்கையின் கை நின்றது. கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. மைக் சமாளித்தார். “அவர் விளம்பரம் விரும்பாதவர்! பக்கத்துலதான், வண்டியில இருக்கார். எல்லாரும் கையெழுத்துப் போட்டதும் வருவார்.”

வடிகட்டி தவளையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவனுக்கு அர்த்தம் தெரியும். நழுவினான்.

தெரு முனையில், மரத்தடியில், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று நின்றது. தவளை முதலில் ஜீப்பை ஓட்டி வந்து அதற்கு மூக்கு முட்ட நிறுத்தினான். காருக்குப் பின்னால் மதில், போக்கிடம் இல்லை. அப்புறம் தலையைக் குனிந்து, குரலைக் குழைத்து, கண்ணாடியைத் தட்டினான்.

“ஐயா, தலைவர் அனுப்பினார். எல்லாம் கையெழுத்தாயிடுச்சு. நீங்க வந்து போட்டாப் போதுமாம்.”

கண்ணாடி இறங்கியது. தவளைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே உட்கார்ந்திருந்தவர் குடை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடைதான் முதலில் தேறினார். “நீயா? நான்... இந்தப் பக்கம் வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வந்தேன்.”

“ரொம்ப சந்தோஷம் ஐயா,” என்றான் தவளை. நாக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. “கண்ணாடியை ஏத்திட்டுப் பார்வையிட்டா கண்ணு தெரியாது. இறங்கி வாங்க, நான் காட்டறேன்.”

“வண்டியை எடுய்யா முன்னாடி!”

“எடுக்கலாம் ஐயா. ஆனா நகராட்சி ஜீப். நின்னுட்டா அது நெனச்சாத்தான் கிளம்பும். நீங்கதானே புதுசு வாங்கித் தர மாட்டேன்னீங்க.”

மழையின் முதல் துளிகள் காரின் கூரையில் விழுந்தன. குடை யோசித்தார். பார்வையிட வந்த அதிகாரியாகவே நடித்துவிட்டுப் போவது மேல் என்று பட்டிருக்க வேண்டும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பீரமாக இறங்கி, தவளைக்கு முன்னால் நடந்தார். கொட்டகைக்குள் நுழைந்து, இடுப்பில் கை வைத்து, அதிகாரமாகச் சுற்றிப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் மைக் முந்திக்கொண்டார். ஆள் வந்துவிட்டார், காரியம் கூடிவிட்டது என்று அவருக்கு ஆனந்தம்.

“இதோ வந்துட்டார்!” என்று ஒலிபெருக்கியில் தெரு அதிர அறிவித்தார். “நம்ம வீடுகளையெல்லாம் வாங்கிக்கப்போற வள்ளல் வந்துட்டார்! எல்லாரும் கை தட்டுங்க!”

தெரு கை தட்டியது. குடை ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. வடிகட்டி எழுந்து நின்றாள்.

“வணக்கம் ஐயா. என் சஸ்பெண்ட் ஆர்டரை இங்கயே குடுத்துடறீங்களா, இல்லை வீடெல்லாம் வாங்கி முடிச்சுட்டுக் குடுக்கறீங்களா?”

கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

“யாருங்க இவர்?” என்றாள் தங்கை.

“எங்க தலைமைப் பொறியாளர். உங்க பின்பக்கம் குழாய் புதைச்ச அன்னிக்கு என்கூட நின்னு பாத்தவர். மேட்டு வளாகத்துக்குப் பெரிய சாலை உங்க தெரு வழியா வரப்போகுது. அது ஆபீஸ்ல எனக்கும் இவருக்கும்தான் தெரியும். சாலை வந்தா இந்தச் சேத்துக்கு என்ன விலைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.” வடிகட்டி ஊதா ரப்பரை மேஜைமேல் போட்டாள். “தலைவரே, உங்க சோபாவை வெள்ளத்துக்கு முன்னாடியே மாடியில ஏத்தினதைப் பத்தி நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மைக் ரப்பரைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். சலவைக்கடைக்காரி இன்னும் கரண்டியைக் கையில் வைத்திருந்ததையும் பார்த்தார். பிடித்திருந்த ஒலிபெருக்கியை அணைக்க மறந்தே கத்தினார்:

“குழாயைக் காட்டினது இவர்தான்! எப்ப மழை வரும், எவ்வளவு வரும், எல்லாம் சொன்னது இவர்தான்! பந்து மட்டும்தான் என்னுது!”

ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது அந்த வாக்குமூலம். போலீஸ் நிலையம் அடுத்த தெருவில்தான் இருந்தது. யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே வந்துவிட்டார்கள். குடை போகும்போது வக்கீல் பெயர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பத்திரங்களைத் தங்கை சுருட்டி எடுத்துக்கொண்டாள். மெஷினுக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஆகும் என்றாள்.

அதற்குள் மழை வலுத்துவிட்டது. போன வாரம் பெய்ததற்குக் கொஞ்சமும் குறையாத மழை. கொட்டகைக்குள் பேச்சு அடங்கியது. ஒவ்வொருவராக மேட்டைப் பார்த்தார்கள். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பந்தும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆனால் தண்ணீர் வருமா, வராதா? அதை எந்த அதிகாரி சொன்னாலும் நம்பும் நிலையில் தெரு இல்லை.

“வாங்க,” என்றாள் வடிகட்டி. “நேர்லயே பாத்துடுவோம்.”

முதலில் போனவள் தங்கை. அவள் பின்னால் அண்ணன். அப்புறம் தலையில் கோணி, தட்டு, துண்டு என்று கிடைத்ததைக் கவிழ்த்துக்கொண்டு தெரு மொத்தமும். சலவைக்கடைக்குள் புகுந்து, பின்கதவு வழியாக இறங்கி, புதருக்கு முன்னால் வட்டம் கட்டி நின்றார்கள். எல்லார் கண்ணும் ஒரு குழாய் வாயின் மேல்.

மேட்டில் குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்டது. குழாய்க்குள் ஏதோ களகளத்தது. பிறகு தண்ணீர் வந்தது. மணிக்கட்டுப் பருமனில், அவசரமே இல்லாமல், ஓடையில் விழுந்து அதன் பாட்டுக்குப் போயிற்று. நனைந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்கள். மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீரின் பருமன் கூடவேயில்லை.

தங்கை குனிந்து அதில் கையைக் காட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வடிகட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

“இவ்வளவுதானா மேடம்?”

“இவ்வளவுதாம்மா. இதுக்கு மேல ஒரு சொட்டு வந்தா, வீட்டுக்கே வந்து என்னைத் திட்டு.”